ஜாக்குலின் சிஸ்டரின் வாய்ப்பூட்டு

ராசிபுரத்துக்குக் கிழக்கே நாலு ஊருக்கு ஜாக்குலின்தான் கிராம சுகாதார செவிலியர். சனங்களுக்கு வெறும் சிஸ்டர். இருபத்தெட்டு வருடமாக அதே நாலு ஊர், அதே வெயில், மூன்றாவது ஸ்கூட்டி. யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எவள் மாத்திரை அட்டையைத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள், எந்த வீட்டு ஆம்பிளை ஆணுறைப் பெட்டியைக் கண்டாலே டீக்கடைப் பக்கம் நழுவுகிறான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒரு சொல் வெளியே வராது. "சிஸ்டர்கிட்டச் சொன்னா செவுத்துக்குக்கூடக் கேக்காதுங்க" என்று பெண்கள் சொல்வார்கள். நல்ல பெயர்தான். அந்தப் பெயரை அவள் எவ்வளவு ஆசையாகச் சுமந்தாள் என்பதை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

புருஷன் சவரிராயன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அவனுக்கும் ஒன்றும் தெரியாது. "உன் நெஞ்சுக்குள்ள நாலு ஊரு குடியிருக்குது, எனக்குத்தான் எடமில்ல" என்று சிரிப்பான். மாதா கோயிலில் இரண்டொரு பெரிய மனிதர்கள், பிள்ளை வேண்டாம் என்று சொல்லிக் கொடுப்பதற்கா அரசாங்கம் சம்பளம் தருகிறது என்று குத்திக் காட்டுவார்கள். "வேணும்னு வந்தாலும் நான்தான் ஊசி போடறேன், உங்க மருமகளையே கேளுங்க" என்பாள் ஜாக்குலின். அதற்கு மேல் அவர்கள் வாயைத் திறப்பார்களா என்ன?

இந்தக் கைக்குச்சி வந்ததும் அவளுக்குப் பெரிய நிம்மதி. தீக்குச்சி நீளம், வளையும் பிளாஸ்டிக். இடது கை மேல்பக்கம், உள்புறமாகத் தோலுக்கடியில் டாக்டர் அகல்யா மரத்துப்போக ஊசி போட்டுச் செருகிவிடுவார். பத்து நிமிட வேலை. மூன்று வருடத்துக்குக் கரு நிற்காது. வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். காப்பர் டி என்றால் காலை அகட்டிப் படுக்க வேண்டுமே என்று கூசுகிற பெண்கள்கூட இதற்குக் கையை நீட்டினார்கள். மாதவிடாய் மட்டும் தாறுமாறாகும். சிலருக்கு விடாமல் கசியும், சிலருக்கு மாதக்கணக்கில் வரவே வராது. இதை ஒவ்வொருத்தியிடமும் இரண்டு முறை சொல்லுவாள் ஜாக்குலின். நாசியாவிடமும் சொன்னாள். சொல்லவில்லை என்று யாரும் அவள் மேல் பழி போட முடியாது.

நாசியா முட்டை மண்டி முபஷிரின் மனைவி. இருபத்தாறு வயது, இரண்டு பெண் குழந்தைகள், பிறந்த ஊர் ஆத்தூர். இரண்டாவது பிரசவத்துக்கு வழக்கம்போல ஏழாம் மாதம் தாய்வீடு போனாள். பெற்ற மூன்றாம் நாள் மூச்சு முட்டிப்போய்ச் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நெஞ்சுக்குள் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, இன்னொரு பிள்ளை என்றால் இவள் தாங்கமாட்டாள் என்று அங்கே சொல்லி, காகிதத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தாய்க்காரி அந்தச் சேதியை அப்படியே மென்று முழுங்கிவிட்டாள். சம்பந்தி வீட்டுக்குப் போன தகவல், ரத்தம் கம்மி, அவ்வளவுதான். இளையவள் அஃபீபாவுக்கு அப்போது மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காளுக்கு நெஞ்சு நோய் என்றால் தங்கையைக் கட்டுவது யார்? இப்படிக் கணக்குப் போட்டது ஒரு தாய்.

மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போட வேண்டும் என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது. அதை ரவிக்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு நாசியா ஒருநாள் துணை சுகாதார நிலையத்துக்கு வந்தாள். ஜாக்குலின் படித்தாள். படித்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"அம்மிணி, உங்க ஊட்டுக்காரருக்கு இது தெரியுமா?"

"தெரியாதுங்க சிஸ்டர். ரத்தம் ஊறற ஊசின்னு சொல்லியிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லிருங்க. தெரிஞ்சா என்னய ஆத்தூருக்கே அனுப்பிருவாங்க. என் தங்கச்சி நிக்காவும் நின்னு போயிரும்."

"அதெல்லாம் இருக்கட்டும். இன்னொண்ணு நின்னா உன் உசுரு நிக்காது, புரியுதா?"

"அதுக்குத்தான் வந்தேன்" என்றாள் நாசியா. கண்ணில் பொட்டு நீர் இல்லை.

குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் என்றால் வீட்டுக்குத் தெரியாமல் முடியாது. குச்சி முடியும். இப்படிப்பட்ட நெஞ்சுக்கு இது ஒத்துப்போகும் என்று டாக்டர் அகல்யாவும் சொன்னார். புருஷனிடம் சொல்லிவிடு தாயி என்று அவரும் கேட்டுப் பார்த்தார். நாசியா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். உடம்பு அவளுடையது, சம்மதம் அவளுடையது, வீட்டில் போய்ச் சொல்ல நமக்கு உரிமை இல்லை என்று டாக்டர் முடித்துவிட்டார். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை குச்சி ஏறியது. கையிலிருந்த கட்டுத்துணியைப் பார்த்துக் கேட்ட மாமியாரிடம் தடுப்பூசி என்றாள் நாசியா. "என் வாயிலிருந்து வராது, தைரியமா இரு" என்று வாக்குக் கொடுத்தாள் ஜாக்குலின். எத்தனையோ பேருக்குக் கொடுத்த அதே வாக்கு.

தை முதலே நாசியாவுக்குத் தீட்டு நின்றுவிட்டது. குச்சியின் வேலைதான், பயப்பட ஒன்றும் இல்லை. மாசியில் ரம்ஜான் வந்தது.

மாமியார் மஸ்தான் பீவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து பிள்ளைகளைப் பெற்றுப் பெற்றுப் பறிகொடுத்து, ஆறாவதாக முபஷிரைக் கண்டவள். மருமகளை ஏசமாட்டாள், கை நீட்டமாட்டாள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற பிடிவாதமும் இல்லை. "ஆணோ பொண்ணோ, ஊடு நெறஞ்சு சத்தமாக் கெடக்கணும்" என்பாள். அந்த வீட்டில் பெண்களுக்கு விலக்கு வந்தால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தொழுகை விரிப்பு மடித்தபடி இருக்கும், அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். நோன்பு மாதத்தில் ஐந்தாறு நாள் பகலில் அடுப்படிக்குள் ஒதுங்கிச் சாப்பிடுவார்கள், விட்டதைப் பிறகு பிடித்துக் கழிப்பார்கள். இந்த வருடம் நாசியா ஒரு நாள்கூட ஒதுங்கவில்லை. முப்பது நோன்பும் முழுதாகப் பிடித்தாள். அதற்கு முந்தைய மாதமும் விரிப்பு ஒரு வேளை மடிந்து கிடக்கவில்லை. பீவி பார்த்தாள், விரல் விட்டு எண்ணினாள், முகம் மலர்ந்துவிட்டது.

பெருநாள் முடிந்த மறுநாளே மருமகளைக் கூட்டிக்கொண்டு ஜாக்குலினிடம் வந்து நின்றாள். கையில் ஒரு டப்பா பேரீச்சம்பழம்.

"ஏனுங்க சிஸ்டரு, சந்தோசச் சேதிங்க. எம்மருமவளுக்கு, புள்ளத்தாச்சிக்குப் போடற அந்தப் பிக்மி நம்பர் போட்டுக் குடுங்க. நம்பர் இல்லாம எந்த ஆஸ்பத்திரியிலயும் பாக்க மாட்டாங்களாமே!"

"என்னன்னு பாக்கலாம், உக்காருங்க பீவிம்மா" என்றாள் ஜாக்குலின்.

நாசியாவைப் பின்னறைக்கு அழைத்துப்போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தாள். ஒற்றைக் கோடு. கர்ப்பம் இல்லை. இருக்க வாய்ப்பே இல்லையே! "மாமிகிட்ட இல்லைன்னு சொல்லிடறேன், ரத்தம் கம்மியா இருந்தா தள்ளிப்போகும்னு சொல்லிக்கலாம்" என்று கிசுகிசுத்தாள். நாசியா அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"ஒரு மாசம் போகட்டும் சிஸ்டர். ஒரே ஒரு மாசம். காலையில எந்திரிச்சதும் மாமி கையில பாலைக் குடுக்கறாங்க. தண்ணிக் கொடத்தத் தொட உடறதில்ல. மாடிக்குப் போகாத, நான் துணி காயப்போடறேன்கறாங்க. ரெண்டு படி ஏறுனா எனக்கு மூச்சு வாங்குதுன்னு இத்தன நாளா யாருகிட்டப் போயிச் சொல்றது? இப்பத்தான் என்னய உக்காருன்னு சொல்றாங்க."

நோயாளி என்று சொல்லியிருந்தால் கிடைத்திருக்க வேண்டிய ஓய்வு, பிள்ளைத்தாச்சி என்ற பொய்யில் கிடைத்திருக்கிறது. இதைக் கேட்ட பிறகு எந்தப் பெண்ணுக்கு மனம் கல்லாகும்? ஜாக்குலின் வெளியே வந்தாள். "இப்பப் பாத்தாச் சரியாத் தெரியாதுங்க, அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க" என்றாள். பெருநாள் முடிந்த கையோடு அல்லாஹ் கொடுத்தான் என்று சொல்லி, பேரீச்சம்பழ டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள் பீவி. அன்று சாயங்காலம் மண்டிக்கு முட்டை எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் முபஷிர் மிட்டாய் கொடுத்தான்.

பொய் எத்தனை நாள் தாங்கும்? ஐந்தாவது வாரம் நாசியா, "பட்டுருச்சு மாமி" என்று சொல்லிவிட்டாள். கலைந்துவிட்டது என்று நம்பிவிடுவார்கள், அத்தோடு முடிந்தது என்பது அவள் நினைப்பு. ஐந்து பிள்ளைகளைப் பறிகொடுத்தவளிடம் போய் அப்படிச் சொன்னால் சும்மா இருப்பாளா? உள்ளே ஏதாவது தங்கிவிட்டால் ஜன்னி கண்டு செத்துப்போவாள் என்று பீவி பதறிவிட்டாள். ஜாக்குலினிடம்கூடச் சொல்லாமல், வாடகைக் காரில் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே ரத்த அழுத்தம் பார்க்க இடது கையில் பட்டையைச் சுற்றிய நர்ஸின் விரலில் குச்சி தட்டுப்பட்டது. டாக்டரம்மா வந்து தடவிப் பார்த்தார். "கருத்தடைக் குச்சி வெச்சிருக்கீங்களேம்மா, அப்புறம் எப்படிக் கலையும்?" என்று மாமியாரையும் புருஷனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எடுத்துவிடலாமா என்று நாசியாவைத்தான் கேட்டார். வேறு ஏதாவது உடம்புக்கு உண்டா என்றும் கேட்டார். ஒன்றுமில்லை என்றாள் நாசியா. பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை மஸ்தான் பீவி தனியாக வந்தாள். பஞ்சில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டிருந்த குச்சியை ஜாக்குலின் மேசைமேல் வைத்தாள்.

"இந்தா, உன் சாமான்."

அதுவரை அவள் வாயில் வந்த 'ங்க' எல்லாம் போய்விட்டது.

"என் முன்னாலயே உக்காந்து அடுத்த மாசம் வாங்கன்னு சொன்னயே, உனக்கு நாக்குக் கூசலயா? என் ஊட்டுல புள்ள பொறக்கக் கூடாதுன்னு நீ யாரு முடிவு பண்ண? அஞ்சு மண்ணுக்குப் போட்டவடீ நான்! இனி என் வாசல்ல உன் நெழலு பட்டுதுன்னா மரியாத கெட்டுரும்."

நாசியாவின் நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே எல்லாம் அடங்கியிருக்கும். நாக்கு நுனிவரை வந்தது. ஜாக்குலின் விழுங்கிவிட்டாள். வாக்குக் கொடுத்திருந்தாளே! மேசைமேல் கிடந்த குச்சியைப் பார்த்தபடி ஏச்சு முழுவதையும் வாங்கிக்கொண்டாள். ஒரு விதத்தில் அது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடி வாங்கியும் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமை. என்ன புத்தியோ!

ஆவணியில் அங்கன்வாடி டீச்சர் தமிழ்ச்செல்வி வாயிலிருந்து சேதி வந்தது. நாசியா வாந்தி எடுக்கிறாளாம், இந்த முறை நிஜமாம். ஜாக்குலின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக அந்த வீட்டுக்குப் போனாள். ஏசினால் ஏசட்டும் என்றுதான் போனாள். கதவை மறித்து நின்றாள் பீவி.

"நம்பரெல்லாம் போட்டாச்சு. சேலத்துல காசு கட்டிப் பாத்துக்கறோம். நீ போ."

"பீவிம்மா, நாசியாகிட்ட ரெண்டே நிமிசம் பேசோணுங்க. அவசரமுங்க."

"என்ன அவசரம்? எங்கிட்டச் சொல்லு."

சொல்லியிருக்கலாம். வாசலில் ஆள் இல்லை, கேட்டதோ அந்த வீட்டுக்குப் பெரியவள். ஜாக்குலின் வாயைத் திறந்தாள். பீவியின் தோளுக்குப் பின்னால், திரைச்சீலை ஓரமாக நாசியா நின்றிருந்தாள். முகம் வெளுத்து, உதட்டில் லேசான நீலம். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஒரே ஒரு ஆட்டு. ஜாக்குலின் திறந்த வாயை மூடிக்கொண்டு, "சத்து மாத்திர மறக்காமப் போடச் சொல்லுங்க" என்று எதையோ உளறிவிட்டுத் திரும்பினாள்.

டாக்டர் அகல்யாவிடம் ஓடினாள். மாதம் ஏறுவதற்குள் கலைத்துவிட்டால் இவளைக் காப்பாற்றலாம், எப்படியாவது அவளைச் சம்மதிக்க வைத்துக் கூட்டி வாருங்கள் என்றார் அவர். அவரே முபஷிருக்கும் போன் போட்டார். சுகாதார நிலையம் என்று சொன்னதுமே அவன் துண்டித்துவிட்டான். நாசியா போனில் கிடைக்க ஒன்பது நாளாயிற்று. முபஷிர் மண்டிக்குப் போன நேரம் பார்த்து அவளே கூப்பிட்டாள்.

"ஏம்மா குச்சிய எடுக்கச் சம்மதிச்ச? அடிச்சாங்களா?" என்றாள் ஜாக்குலின்.

"அடிச்சிருந்தா எடுத்திருக்க மாட்டேன் சிஸ்டர். மாமி அழுதாங்க. கார்ல சேலம் போற வழியெல்லாம் எங்கையப் புடிச்சிக்கிட்டு, எனக்கு வந்தது உனக்கு வரக்கூடாது, எனக்கு வந்தது உனக்கு வரக்கூடாதுன்னு அழுதாங்க. அங்க போயிப் பாத்தா நான் ஏமாத்துக்காரி. தல நிமுந்து எப்படி வேண்டாம்னு சொல்றது?"

"சரி, போனது போகட்டும். இப்பவாவது சொல்லு கண்ணு. நீ சொல்றயா, நான் வந்து சொல்லட்டுமா?"

"நீங்க வேண்டாம்! நீங்க சொன்னா மறுபடியும் சதின்னு நெனப்பாங்க. அந்த ஆஸ்பத்திரியில நானே சொல்லிக்கறேன். அஃபீபாவுக்கு அடுத்த மாசம் நிக்கா. அது முடியட்டும், மறுநாளே சொல்லிடறேன். வாக்குக் குடுத்தீங்கல்ல சிஸ்டர்?"

"குடுத்தேன்" என்றாள் ஜாக்குலின்.

அஃபீபாவின் நிக்கா நன்றாகத்தான் நடந்தது. மறுநாள் நாசியா சொல்லவில்லை. அதற்கடுத்த வாரமும் சொல்லவில்லை, சேலத்து ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை. ஜாக்குலின் கூப்பிடும்போதெல்லாம் போனை எடுத்தவன் முபஷிர். அவள் பேசாமல் வைத்துவிட்டாள். மூச்சு வாங்குகிறது என்று நாசியா சொன்னபோது, பிள்ளைத்தாச்சிக்கு மூச்சு வாங்காமல் என்ன செய்யும், நல்லா வளர்ந்திருக்கு என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்களாம். மாமியார் இன்னும் ஒரு தம்ளர் பால் கொடுத்தாளாம். கார்த்திகை கடைசியில், ஏழாவது மாதம், ஒரு மத்தியானம் நாசியாவுக்கு வாயில் நுரை தள்ளியது. முட்டை ஏற்றி நின்ற வண்டியிலிருந்து தட்டுகளை வாரி இறக்கிவிட்டு, அதிலேயே படுக்க வைத்துச் சேலத்துக்குப் பறந்தான் முபஷிர். பெரியாஸ்பத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை. வயிற்றுப் பிள்ளையும் இல்லை.

பிள்ளைத்தாச்சி இறந்தால் விசாரணை உண்டு. பதினைந்து நாள் கழித்து நாமக்கல்லில் கூப்பிட்டார்கள். நீண்ட மேசை, அதைச் சுற்றி அதிகாரிகள். வீட்டார் தரப்பில் முபஷிரும் மஸ்தான் பீவியும். அங்கே வைத்துத்தான் அவர்கள் முதன்முதலாக அந்தச் சேலத்துக் காகிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். ஒரு அதிகாரி கேள்வித்தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். நோய் இருப்பது தெரியுமா? தெரியும். ஆலோசனை சொன்னீர்களா? சொன்னேன். கருத்தடை சாதனம் கொடுத்தீர்களா? கொடுத்தோம். பயனாளியின் ரகசியம் காக்கப்பட்டதா? காக்கப்பட்டது. கர்ப்பம் என்று தெரிந்ததும் வீட்டுக்குப் போனீர்களா? போனேன். எல்லாவற்றுக்கும் ஆம் என்றே விழுந்தது. "உங்க பக்கம் தப்பு ஒண்ணும் இல்ல சிஸ்டர், நீங்க போகலாம்" என்றார் அவர்.

ஜாக்குலின் வெளியே வந்து தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தப்பு இல்லையாம்! யாராவது கன்னத்தில் ஓங்கி அறைந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. சற்று நேரத்தில் மஸ்தான் பீவி வந்தாள். கத்தவில்லை. பக்கத்தில் வந்து, ஏதோ வழி கேட்பவள்போலத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அந்தக் குச்சி வெக்கறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"நான் உன் மேசமேல அதக் கொண்டாந்து வெச்சனே, அப்ப?"

"தெரியுங்க."

"வாசல்ல நின்னு, அவசரம்னயே?"

ஜாக்குலின் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"சொல்லியிருந்தா அந்தக் கையப் பொத்திப் பொத்தி நானே காவல் கெடந்திருப்பேனே" என்றாள் பீவி. "எம்பையன் கிட்டப் போனாக்கூடத் தடி எடுத்திருப்பேனே. அஞ்சக் குடுத்தவளுக்குப் புள்ள பெருசா, பெத்தவ உசுரு பெருசான்னு தெரியாதா? என்னய என்னன்னு நெனச்சீங்க ரெண்டு பேரும்?"

இத்தனை நாள் நெஞ்சுக்குள் வைத்து ஜாக்குலின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த ஒரே சமாதானம் வாயில் வந்துவிட்டது.

"நாசியாதாங்க சொல்ல வேண்டாம்னா."

சொன்னதுமே அதை அள்ளி விழுங்கிவிட முடியாதா என்று இருந்தது.

"அவ சின்னப் புள்ள, பயந்துக்கிட்டா. இருபத்தாறு வயசு. உனக்கு என்ன வயசு, சிஸ்டரு?"

"அம்பத்தி நாலுங்க" என்றாள் ஜாக்குலின்.